லைட் க்யூவை எதில் எழுதி வைப்பது? சிறிய நாடக, நடனக் குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

"நாடகத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. 12 எல்இடி பார், 8 பழைய டங்ஸ்டன் விளக்கு, 2 மூவிங் ஹெட். லேப்டாப்பிலேயே க்யூ போட்டுக்கொள்ளலாமா, சின்ன கன்சோல் ஒன்று வாங்கலாமா, இல்லை ஹால்காரர்களின் போர்டையே நம்பலாமா?"

எல்இடி பார் என்பது நிறம் மாற்றக்கூடிய எல்இடி மேடை விளக்கு. மூவிங் ஹெட் என்பது மோட்டாரால் வேண்டிய பக்கம் திரும்பும் விளக்கு. கன்சோல், போர்டு என்பவை விளக்குகளை இயக்கும் கருவி. எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே மாறும். மற்றபடி இதே கேள்வியோடு ஆண்டுக்கு நாலைந்து குழுக்களாவது என்னிடம் வருகின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் லைட்மேன்கள் இல்லை. நாடகக் குழுவில் லேப்டாப் பழக்கம் உள்ள ஒருவர், நடனப் பள்ளியில் பொறுப்பெடுத்துக்கொண்ட ஒரு பெற்றோர், கல்லூரி கலாமன்றத்து மாணவர். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

க்யூ என்பது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மேடையில் எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும், எந்த நிறத்தில், எந்தப் பக்கம் பார்த்து என்ற நிலை. அந்த நிலைக்கு எத்தனை விநாடியில் வந்து சேர வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. இதைப் பதிவு செய்வது எந்தக் கருவியிலும் சுலபம்தான். விற்பவர் காட்டும் செயல்விளக்கத்திலும் அது மட்டுமே தெரியும். பதிவு செய்த க்யூவை ஒத்திகையில் மாற்றச் சொல்லும்போதுதான் ஒன்றுக்கொன்று இருக்கும் வித்தியாசம் புரியும். அதனால் இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் பார்ப்பது திருத்துவதைத்தான்.

## முதலில் அளவுகோல்கள்

க்யூவுக்குள் என்ன சேமிக்கப்படுகிறது? இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மேடையின் முழு நிலையையும் புகைப்படம் எடுப்பதுபோல் அப்படியே சேமிப்பது. இன்னொன்று, முந்தைய க்யூவிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் சேமிப்பது. இரண்டாவதை டிராக்கிங் என்பார்கள். மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இது முக்கியம். இதைப் புரிந்துகொள்ளாமல் மென்பொருள் வாங்குபவர்களே பிறகு அதிகம் அல்லாடுகிறார்கள்.

திருத்துவது எப்படி? "அம்மா உள்ளே வரும்போது முன் விளக்கு கொஞ்சம் இறங்கட்டும். அதற்கு முன்னால் இன்னொரு மாற்றம் வேண்டும்" என்று இயக்குநர் சொல்கிறார். 14-க்கும் 15-க்கும் நடுவே ஒரு க்யூ நுழைக்க வேண்டும். நடிகர்கள் மேடையில் காத்திருக்கிறார்கள். அரை நிமிடத்தில் முடியுமா, ஐந்து நிமிடம் ஆகுமா?

ஃபேட் நேரம், அதாவது ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மெல்ல மாற எடுக்கும் நேரம். ஒவ்வொரு க்யூவுக்கும் தனித்தனி நேரம் வைக்க முடியுமா? ஏறும் விளக்குக்கு ஒரு நேரம், இறங்கும் விளக்குக்கு வேறு நேரம் என்று பிரிக்க முடியுமா?

காட்சி அன்று யார் இயக்குகிறார்? க்யூ எழுதியவரே உட்காருவார் என்றால் கொஞ்சம் சிக்கலான கருவியும் பரவாயில்லை. புதிதாக ஒருவர் உட்காருவார் என்றால் ஒரே பொத்தானை அழுத்தி அடுத்தடுத்து போக முடிய வேண்டும்.

ஹால் மாறினால்? விளக்குகளின் முகவரி (எந்தக் கட்டளை தனக்கு என்று விளக்கு அறியும் எண்) மாறும், தொங்கும் உயரம் மாறும், மூவிங் ஹெட் பார்க்க வேண்டிய இடம் மாறும். எழுதிய க்யூக்களில் எத்தனை மிஞ்சும்?

வெளியே தெரியாத செலவு. இலவச மென்பொருள் என்றாலும் சிக்னலை விளக்குக்குக் கொண்டுபோக ஏதோ ஒரு பெட்டி வாங்கத்தான் வேண்டும். கற்றுக்கொள்ளும் நேரமும் செலவுதான்.

எதை வாங்கினாலும் தீராத பிரச்சினை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் 512 என்ற முறை 1986-இல் உருவானது. ஒரு கேபிளில் 512 சேனல் (தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் வழிகள்), ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை மட்டுமே படிகள். டங்ஸ்டன் விளக்கின் இழை சூடாகவும் குளிரவும் நேரம் எடுத்துக்கொள்வதால் அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியாது. எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. விலை குறைந்த எல்இடி பாரை 15 விநாடியில் மெல்ல அணைத்துப் பாருங்கள், கடைசி சில படிகள் துள்ளித் துள்ளி இறங்குவது தெரியும். அது மென்பொருளின் குறை இல்லை. அணையும் காட்சியை டங்ஸ்டன் விளக்கிடம் கொடுத்துவிட்டு எல்இடியைக் கொஞ்சம் முன்பே இறக்கிவிடுவது நான் செய்யும் வழி.

ஒப்பிட ஒரே மேடையை வைத்துக்கொள்வோம். 7 சேனல் எல்இடி பார் 12 என்றால் 84 சேனல். டங்ஸ்டன் விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் 8. 16 சேனல் மூவிங் ஹெட் 2 என்றால் 32. மொத்தம் 124 சேனல், 40 க்யூ, ஒன்றரை மணி நேர நாடகம்.

## முதல் வழி: 192 சேனல் சின்ன கன்சோல்

கல்யாண மண்டபங்களிலும் பள்ளி அரங்கங்களிலும் நிறையப் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் 12 ஃபிக்ஸ்சர் (விளக்கு) பொத்தான், நடுவே மேலும் கீழும் நகர்த்தும் 8 ஃபேடர், பேங்க் எனப்படும் பதிவுத் தொகுப்பை மாற்ற மேல்-கீழ் பொத்தான். ஒரு ஃபிக்ஸ்சருக்கு 16 சேனல் என்பதால் 12 × 16 = 192. ஒரு பேங்கில் 8 சீன் (பதிவு செய்த நிலை) வீதம் 30 பேங்க், ஆக 240 சீன் சேமிக்கலாம்.

நம் மேடையில் விளக்குகளைத் தனித்தனியாக எண்ணினால் 12 பொத்தான் போதாது. ஆனால் 7 சேனல் பார் இரண்டை ஒரே 16 சேனல் இடத்தில் உட்கார வைக்கலாம். அப்படிச் செய்தால் பார்களுக்கு 6 பொத்தான், டிம்மருக்கு 1, மூவிங் ஹெட்டுக்கு 2. ஒன்பதில் முடிந்துவிடும். முகவரிகள் 1, 17, 33 என்று 16 கூட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது பாருக்கு 8, 24, 40 என்று முகவரி வைக்க வேண்டும்.

பதிவு செய்வது பத்து நிமிடத்தில் பழகிவிடும். புரோகிராம் பொத்தானைச் சில விநாடி பிடித்திருந்து, ஃபேடர்களை நகர்த்தி மேடையை அமைத்து, ரெக்கார்ட் அழுத்தி, சீன் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. மேடையின் முழு நிலையும் அந்தப் பொத்தானுக்குள் போய்விடுகிறது. இதன் பெரிய நன்மை, ஒத்திகையில் எங்கிருந்து எங்கே தாவினாலும் பதிவு செய்த படம் அப்படியே வரும் என்பது. 30-லிருந்து 4-க்குப் போனாலும் 4 என்றால் 4-தான்.

சிரமம் இரண்டு இடத்தில். சீன் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபேட் நேரம் சேமிக்க இதில் இடமில்லை. பொதுவான ஒரு ஃபேட் ஸ்லைடர்தான் இருக்கும். மூன்று விநாடியில் ஒரு மாற்றமும் பத்து விநாடியில் அடுத்த மாற்றமும் வேண்டுமென்றால், இயக்குபவரின் கையும் நினைவும்தான் அதைச் செய்ய வேண்டும். அடுத்தது, நடுவில் நுழைக்க வழியில்லை. 14-க்குப் பிறகு புதிதாக ஒன்று வேண்டுமென்றால் கடைசியில் காலியாக இருக்கும் பேங்கில் பதிவு செய்துவிட்டு, தாளில் "14-க்குப் பிறகு பேங்க் 6, பொத்தான் 1" என்று எழுதிக்கொள்ள வேண்டும். 40 க்யூவுக்கு ஐந்து பேங்க் ஆகும். ஒத்திகையில் நாலு முறை நுழைத்த பிறகு இயக்குபவர் மேடையைப் பார்க்க மாட்டார், தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெளியே தெரியாத செலவு: பழைய மாடல்களில் பதிவை வெளியே எடுத்து வைக்க வசதி இல்லை. ஹால்காரர்களின் கன்சோலில் நீங்கள் பதிவு செய்ததன்மேல் அடுத்த நாள் வந்த குழு எழுதிவிட்டால் எல்லாம் போய்விடும். யூஎஸ்பி உள்ள மாடலாக வாங்குவது நல்லது.

அப்படியானால் இது யாருக்கு? பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நான் இன்றும் இதையே சொல்வேன். வர்ணம் எவ்வளவு நேரம் போகும் என்று முன்கூட்டியே விநாடிக் கணக்கில் சொல்ல முடியாது. நட்டுவாங்கம் நேரடி, பாட்டு நேரடி. ஜதி முடிந்து அபிநயம் தொடங்கும் இடத்தை இயக்குபவர் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். அதற்கு 40 க்யூ பட்டியல் இடைஞ்சல். பொன்னிறம், நீலம், பக்கவாட்டு விளக்கு மட்டும், நடராஜருக்கு ஒரு தனி விளக்கு என்று ஏழெட்டு நிலைகளைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு தேவைப்படும்போது தேவைப்படுவதை அழுத்தினால் போதும். நேரடி இசையோடு ஆடும் நிகழ்ச்சிக்கு க்யூ பட்டியல் எழுதிக்கொண்டு வருபவர்களிடம், அதை மடித்து வைத்துவிட்டு நிலைகளாகப் பிரிக்கச் சொல்வதுதான் என் முதல் வேலை.

## இரண்டாவது வழி: லேப்டாப்பில் க்யூஎல்சி ப்ளஸ்

திறந்தமூல மென்பொருள், முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ராஸ்பெரி பையிலும் ஓடும். இன்னும் பலர் பயன்படுத்தும் 4-ஆம் பதிப்பை வைத்தே சொல்கிறேன்.

இதில் க்யூ என்று நேரடியாக ஒன்று இல்லை. முதலில் சீன் உருவாக்க வேண்டும். சீன்களை வரிசையாக அடுக்கி சேஸர் உருவாக்க வேண்டும். அந்த சேஸரை, திரையில் தெரியும் விர்ச்சுவல் கன்சோலில் க்யூ லிஸ்ட் என்ற கட்டத்துக்குள் வைத்து, அடுத்து என்ற பொத்தானுக்கு ஸ்பேஸ் பார் போன்ற ஒரு விசையைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு காட்சி அன்று யார் உட்கார்ந்தாலும் ஒரே விசைதான். சுற்றுவழிபோல் தோன்றினாலும் ஒரு மாலையில் பிடிபட்டுவிடும்.

மேடையில் அமைத்த நிலையை அப்படியே சீனாக மாற்ற டம்ப் என்ற வசதி உண்டு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பூஜ்யம் அல்லாத மதிப்புகளை மட்டும் எடுத்துக்கொள் என்ற தேர்வைப் போட்டுவிட்டால், அணைந்திருக்க வேண்டிய சேனல்கள் அந்த சீனுக்குள் வராது. மூவிங் ஹெட்டின் கோபோ (ஒளியில் வடிவம் விழவைக்கும் தகடு), நிறச்சக்கரம் போன்றவை சீன் முடிந்த பிறகும் கடைசி மதிப்பிலேயே நிற்கும். ஆக, போன காட்சியின் கோபோ இந்தக் காட்சியிலும் விழும். முழுச் சேனல்களையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். அப்படிச் செய்தால் இதுவும் புகைப்பட முறைதான், தாவினாலும் பயமில்லை.

இன்னொன்று, ஒளி அளவுச் சேனல்களில் எது அதிகமோ அதுவே வெல்லும். எல்இடி பாரின் சிவப்பு, பச்சை, நீலமும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். க்யூ லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது தனியாக ஒரு சீன் பொத்தானையும் இயக்கிவிட்டு அணைக்க மறந்தால், அந்தச் சிவப்பு போகவே போகாது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு கேட்பவர்களில் பாதிப்பேருக்கு விடை இதுதான்.

ஃபேட் நேரத்தில் சின்ன கன்சோலைவிட இது வெகு தூரம் முன்னே. சேஸரில் நேரத்தை ஒவ்வொரு படிக்கும் தனி என்று மாற்றிக்கொண்டால், 3 விநாடி, 10 விநாடி என்று வேண்டியபடி வைக்கலாம். ஹோல்ட் நேரத்தை முடிவிலி என்று வைக்க மறக்காதீர்கள். மறந்தால் நடிகர் வசனத்தை முடிக்கும் முன்பே அடுத்த நிலைக்குத் தானாகத் தாவிவிடும்.

நடுவில் நுழைப்பதும் முடியும். ஆனால் வரிசை எண்கள் எல்லாம் ஒன்று கூடிவிடும். தாளில் 15 என்று இருப்பது திரையில் 16 ஆகிவிடும். சீனின் பெயரிலேயே எண்ணை எழுதிவிடுவதுதான் இதற்கு வழி: "14.5 அம்மா உள்ளே" என்று. திரையில் ஓடும் வரிசை எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்க்கப் பழக வேண்டும்.

ஒத்திகையில் எரிச்சல் தரும் விஷயம், வடிவமைப்பு நிலை, இயக்க நிலை என்று இரண்டாகப் பிரித்திருப்பது. இயக்க நிலையில், லைவ் எடிட் என்ற வசதியைத் தவிர, வழக்கம்போல் திருத்த முடியாது. காட்சி அன்று அது பெரிய பாதுகாப்பு, தெரியாமல் எதையும் அழித்துவிட மாட்டீர்கள். ஆனால் ஒத்திகையில் திருத்துவதற்காக வடிவமைப்பு நிலைக்குத் திரும்பினால் ஓடிக்கொண்டிருப்பது எல்லாம் நின்றுபோகும். அதனால் தொழில்நுட்ப ஒத்திகை முழுவதும் வடிவமைப்பு நிலையிலேயே இருந்துகொண்டு, இறுதி ஒத்திகையில் மட்டும் இயக்க நிலைக்குப் போகும்படி நான் சொல்வது வழக்கம்.

வெளியே தெரியாத செலவு இங்கே, லேப்டாப்பிலிருந்து டிஎம்எக்ஸ் சிக்னலை வெளியே எடுக்கும் யூஎஸ்பி டாங்கிளில் இருக்கிறது. மிக மலிவான வகையில் டிஎம்எக்ஸ் சிக்னலின் நேரக்கணக்கை லேப்டாப்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 512 சேனலும் நிறைந்த ஒரு தொகுப்பு, அதாவது ஒரு யூனிவர்ஸ், விநாடிக்குச் சுமார் 44 முறை போய்ச் சேர முடியும். லேப்டாப் வேறு வேலையில் மூழ்கினால் இந்த ஓட்டம் தடுமாறி விளக்கு சிமிட்டும். புரோ வகை டாங்கிளில் அந்த வேலைக்கென்றே தனிச் சில்லு இருக்கிறது. விலை சில மடங்கு அதிகம்தான், இருந்தாலும் அதைத்தான் வாங்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு பள்ளி விழாவில் மலிவு டாங்கிளோடு உட்கார்ந்திருந்தபோது, பின்னணியில் லேப்டாப் எதையோ புதுப்பிக்கத் தொடங்கி, குழந்தைகளின் குழு நடனம் முழுவதும் பின்திரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பெற்றோர் எடுத்த வீடியோக்களில் எல்லாம் அது பதிவாகியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

லேப்டாப்பை மாற்றும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். பட்டியலில் இல்லாத விளக்குக்கு நீங்களே வரையறை எழுதியிருந்தால், அது தனிக் கோப்பாக வேறு இடத்தில் இருக்கும். நிகழ்ச்சிக் கோப்பை மட்டும் எடுத்துப் போனால் புது லேப்டாப்புக்கு அந்த விளக்கு யாரென்று தெரியாது.

ஹால் மாறுவதில் 4-ஆம் பதிப்பு பலவீனம். மூவிங் ஹெட் பார்க்கும் இடம் ஒவ்வொரு சீனுக்குள்ளும் நேரடி எண்ணாகவே இருக்கிறது. 20 சீனில் நடு மேடையைப் பார்க்கிறது என்றால் 20 இடத்தில் திருத்த வேண்டும். இடத்துக்கு ஒரு சீன், நிறத்துக்கு ஒரு சீன், ஒளிக்கு ஒரு சீன் என்று பிரித்து கலெக்‌ஷனாகச் சேர்த்தால் இந்தத் தொல்லை குறையும். முதல் நாளிலேயே அப்படித் தொடங்கினால்தான் உண்டு.

பதிவு செய்த இசைக்கு ஆடும் நாட்டிய நாடகம் என்றால் க்யூஎல்சி ப்ளஸ்தான் என் தேர்வு. ஷோ மேனேஜரில் பாட்டையே காலக்கோட்டில் வைத்து, அதன் கீழே சீன்களை அடுக்கிவிடலாம்.

## மூன்றாவது வழி: இடிசி இயோஸ்

வசன நாடகத்துக்கென்றே வளர்ந்த மென்பொருள் இது. அமெரிக்க, ஐரோப்பிய நாடக அரங்குகளில் பரவலாக இருப்பது இந்தக் குடும்பத்துக் கன்சோல்கள். அதே மென்பொருளை லேப்டாப்பில் இலவசமாக இறக்கி, க்யூ முழுவதையும் வீட்டிலேயே எழுதிப் பார்க்கலாம். விளக்குக்கு சிக்னல் போக வேண்டுமென்றால் நோமேட் என்ற உரிமச் சாவி டாங்கிளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதோடு டிஎம்எக்ஸ் வெளியே எடுக்க ஒரு பெட்டியோ, நெட்வொர்க் சிக்னலை டிஎம்எக்ஸாக மாற்றும் நோடோ தேவை.

பதிவு செய்வது பேசுவதுபோல் இருக்கும்: ரெக்கார்ட், 5, டைம், 3, எண்டர். ஐந்தாவது க்யூ மூன்று விநாடியில். ஏறுவதற்கு 3, இறங்குவதற்கு 5 என்றும் பிரிக்கலாம். 14-க்கும் 15-க்கும் நடுவே வேண்டுமா? ரெக்கார்ட், 14.5, எண்டர். மற்ற எண்கள் எதுவும் நகராது. தாளும் திரையும் கடைசிவரை ஒன்றாகவே இருக்கும். ஒரு முழு நாள் தொழில்நுட்ப ஒத்திகையில் இது எவ்வளவு நிம்மதி என்பதை அனுபவித்தவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள்.

இது டிராக்கிங் முறை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம், ஆனாலும் இதன் பலம் டிராக்கிங்கில்தான் இருக்கிறது. ஓர் உதாரணம். இரண்டாம் காட்சி முழுவதும், 8 முதல் 20 வரை, ஜன்னல் வழியாக நிலா வெளிச்சம் வர வேண்டும். 8-ஆவது க்யூவில் நீல விளக்கை 40 சதவீதத்துக்கு ஏற்றினால் போதும். வேறு எந்த க்யூவாவது அதை மாற்றும்வரை அது அப்படியே தொடரும். நிலா கொஞ்சம் அதிகம் என்று இயக்குநர் சொன்னால் 8-இல் 30 என்று மாற்றி அப்டேட் செய்தால் 20 வரை எல்லாமே மாறிவிடும். புகைப்பட முறையில் இதே திருத்தம் 13 இடத்தில் செய்ய வேண்டும்.

இதே குணம் எதிராகவும் திரும்பும். ஒரு நாடகத்தின் தொழில்நுட்ப ஒத்திகையில் ஒரு பக்கவாட்டு நீலத்தைப் புதிதாக 8-இல் சேர்த்து அப்டேட் செய்தேன். காட்சி முடிந்து இருள் வர வேண்டிய 21-ஐ அழுத்தியபோது எல்லா விளக்கும் அணைந்தது, அந்த ஒரு நீலம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. காரணம் எளிது. 21-ஐப் பதிவு செய்த நாளில் அந்த விளக்கு ஏற்கெனவே பூஜ்யத்தில்தான் இருந்தது. எதுவும் மாறாததால், அதை அணை என்ற கட்டளையே 21-க்குள் எழுதப்படவில்லை. அன்றிலிருந்து இருளாகும் க்யூக்களையும் ஒவ்வொரு காட்சியின் முதல் க்யூவையும் பிளாக் செய்துவிடுகிறேன். பிளாக் செய்த க்யூ முழுப் புகைப்படம்போல் ஆகிவிடும், முன்னாலிருந்து வரும் எதுவும் அதைத் தாண்டாது. அந்த ஒரு க்யூவில் மட்டும் மாற்றம் வேண்டும், பின்னால் போகக் கூடாது என்றால் க்யூ ஒன்லி என்ற விசை இருக்கிறது.

திரையில் நிறங்களும் இதற்கு உதவும். இந்த க்யூவில் ஏறிய மதிப்பு நீலம், இறங்கியது பச்சை, முன்னாலிருந்து தொடர்ந்து வருவது மெஜந்தா, இன்னும் பதிவு செய்யாமல் கையால் மாற்றியது சிவப்பு. இந்த நாலு நிறத்தைப் படிக்கப் பழகிவிட்டால் டிராக்கிங் பயம் போய்விடும்.

மூவிங் ஹெட்டுக்கு மார்க் என்ற வசதி உண்டு. விளக்கு அணைந்திருக்கும்போதே அடுத்துப் பார்க்க வேண்டிய இடத்துக்குத் திரும்பி நின்றுகொள்ளும். எரிந்துகொண்டே மேடை முழுக்கத் துழாவி வந்து நிற்கும் அசிங்கம் இருக்காது. இடங்களை ஃபோகஸ் பேலட்டாக, அதாவது எல்லா க்யூவும் எடுத்துக்கொள்ளும் பொதுக் குறிப்பாக, பதிவு செய்து க்யூக்களில் அதைப் பயன்படுத்தினால், புது ஹாலில் பேலட்டைத் திருத்தினால் போதும், 40 க்யூவும் சரியாகிவிடும். ஊர் ஊராகப் போகும் நாடகத்துக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இங்கே வெளியே தெரியாத செலவு, கற்கும் நேரம். ஒரு மாலையில் வராது, இரண்டு மூன்று வாரம் பழக வேண்டும். குழுவில் ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டால் டாங்கிள் அலமாரியில் தூங்கும். இரண்டு பேராவது சேர்ந்து கற்றால் வாங்குங்கள்.

## நான்காவது வழி: ஹாலில் இருக்கும் கன்சோல்

பெரிய ஹால்களிலும், வாடகைக்கு விளக்கு தருபவர்களிடமும் ஏவோலைட்ஸ், கிராண்ட்எம்ஏ, சாம்சிஸ் போன்றவை இருக்கும். அவர்களின் ஆபரேட்டரும் கூடவே வருவார். கச்சேரி, கலைநிகழ்ச்சி, விருது விழா என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. மேடையைப் பார்த்துப் பார்த்து அந்த நொடியில் அமைப்பதில் அவர்கள் கை வேகம் அபாரம்.

க்யூ வரிசையோடு நடக்கும் நாடகத்துக்குச் சிக்கல் நேரத்தில்தான். ஹால் உங்கள் கைக்கு வருவது நிகழ்ச்சி அன்று மதியம். 40 க்யூவை நாலு மணி நேரத்தில் புதிதாக எழுதி, ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் நடக்காது. கிராண்ட்எம்ஏ, சாம்சிஸின் மேஜிக்க்யூ இரண்டுக்கும் கணினிப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. முன்கூட்டியே வீட்டில் எழுதிக்கொண்டு போகலாம். போவதற்கு முன் ஆபரேட்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, உங்க போர்டில் எந்த வெர்ஷன் ஓடுது? பேட்ச் லிஸ்ட் அனுப்ப முடியுமா?" பேட்ச் லிஸ்ட் என்பது எந்த விளக்கு எந்த முகவரியில் இருக்கிறது என்ற பட்டியல். புதிய பதிப்பில் எழுதிய கோப்பைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் பென் டிரைவோடு போய் நின்றவர்கள் உண்டு.

இந்த வகைக் கன்சோல்களில் புரோகிராமர் என்ற ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கையால் மாற்றியது எல்லாம் அதில் நிற்கும், அதுவே மற்ற எல்லாவற்றையும்விட வலியது. பதிவு செய்த பிறகு கிளியர் அழுத்தாவிட்டால் அந்த விளக்கு, அடுத்த க்யூவுக்குப் போக அழுத்தும் கோ பொத்தானுக்குக் கட்டுப்படாது. அடுத்த க்யூவைப் பதிவு செய்யும்போது பழைய மதிப்பும் சேர்ந்து உள்ளே போய்விடும். பதிவு, கிளியர், பதிவு, கிளியர் என்று கை தானாகப் போக வேண்டும்.

கணினிப் பதிப்பையே காட்சிக்கும் பயன்படுத்தலாம் என்று நினைத்தால், கிராண்ட்எம்ஏவில் அந்த நிறுவனத்தின் வன்பொருள் இல்லாமல் விளக்குக்கு சிக்னல் போகாது. மேஜிக்க்யூவிலும் சில வசதிகள் அதன் வன்பொருளை இணைத்தால்தான் திறக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | 192 கன்சோல் | க்யூஎல்சி ப்ளஸ் | இயோஸ் நோமேட் | ஹால் கன்சோல் |
|---|---|---|---|---|
| சேமிக்கும் முறை | முழு நிலை | முழு நிலை, சரியாக எழுதினால் | மாற்றம் மட்டும் | புரோகிராமரில் இருப்பது |
| நடுவில் நுழைத்தல் | முடியாது | முடியும், எண் நகரும் | 14.5 என்று நேராக | முடியும் |
| தனி ஃபேட் நேரம் | இல்லை | உண்டு | உண்டு, ஏற இறங்கத் தனியாக | உண்டு |
| புதியவர் இயக்க | பேங்க் நினைவிருக்க வேண்டும் | ஒரே விசை | ஒரே விசை | அவர்கள் ஆபரேட்டர் |
| ஹால் மாறினால் | மறுபடி பதிவு | சீன் சீனாகத் திருத்தம் | பேலட் திருத்தம் | கோப்பு திறந்தால் பேலட் திருத்தம் |
| கற்கும் காலம் | பத்து நிமிடம் | ஒரு மாலை | இரண்டு மூன்று வாரம் | ஆபரேட்டரைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | பதிவை வெளியே எடுக்க முடியாமை | நல்ல டாங்கிள் | டாங்கிள், பெட்டி, நேரம் | ஒத்திகைக்கு ஹால் நேரம் |

முதலில் கேட்ட அந்த 12 பார், 8 டங்ஸ்டன், 2 மூவிங் ஹெட் நாடகத்துக்கு நான் சொன்ன பதில் இது. மூன்று வாரம்தான் இருக்கிறது, ஒரே ஹால், இரண்டு காட்சி. க்யூஎல்சி ப்ளஸும் நல்ல டாங்கிளும் போதும். அதே நாடகத்தை அடுத்த ஆண்டு ஆறு ஊருக்கு எடுத்துப் போகத் திட்டமிருந்தால், இப்போதே இயோஸை இறக்கி வீட்டில் பழகத் தொடங்கலாம், டாங்கிளைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றில் எழுதிய க்யூவை இன்னொன்றுக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்பார்கள். ஆஸ்கி வடிவத்தில் க்யூக்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொது முறை உண்டு. சில கன்சோல்கள் அதைப் படிக்கும். டிம்மர் மதிப்புகள் ஓரளவு வந்து சேரும். மூவிங் ஹெட் விவரங்களை அதில் நம்ப முடியாது. அதனால் நான் எந்த மென்பொருளில் எழுதினாலும் கூடவே ஒரு நோட்டில் க்யூ எண், பிரதியின் பக்கம், எந்தச் சொல்லில் அல்லது அசைவில் மாற வேண்டும், மேடையில் என்ன மாறுகிறது, எத்தனை விநாடி என்று ஐந்து நெடுவரிசை போட்டு எழுதி வைக்கிறேன். "விளக்கு 7 = 60" என்று எழுதாமல் "இடது வாசலில் மஞ்சள், முகம் தெரியும் அளவு" என்று எழுதுவேன். எண் அந்த ஹாலோடு போய்விடும். வாசலில் மஞ்சள் என்று இருந்தால் எந்த ஹாலிலும், எந்தக் கன்சோலிலும், அந்த ஊர் ஆபரேட்டர் அண்ணாவிடம் சொல்லி ஒரு மணி நேரத்தில் மறுபடி அமைத்துவிடலாம்.

காட்சிக்கு முந்தைய இரவு, லேப்டாப்பில் ஓட்டுபவர்கள் தூக்க நிலை, திரைக்காப்பு, தானியங்கிப் புதுப்பிப்பு மூன்றையும் நிறுத்திவிடுங்கள். வைஃபையையும் அணைத்துவிடுங்கள். யூஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு ஒன்று விண்டோஸில் இருக்கிறது, அதையும் நிறுத்துங்கள். கோப்பை வேறு பெயரில் ஒரு பென் டிரைவில் சேமித்து, நோட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேடைக்குப் போய், எல்லாம் எரியும்போது டாங்கிளை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். சில விளக்குகள் கடைசி நிலையிலேயே நிற்கும், சில அணைந்துவிடும். எது எப்படி நடந்துகொள்கிறது என்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். நிற்கும் வகையாக இரண்டு விளக்காவது முன் வரிசையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் எது போனாலும் நடிகரின் முகம் இருட்டாகக் கூடாது.